ஏர் ப்யூரிஃபையர் வாங்கும் முன் தலையணையைப் பாருங்கள்

கேள்வி: மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடி ஃபிளாட்டில் இருக்கிறோம். மெட்ரோ வேலை ஆரம்பித்ததிலிருந்து வீட்டில் தூசி தாங்கவில்லை. காலையில் துடைத்த டீவி மேஜையில் சாயங்காலம் விரலால் பெயர் எழுதலாம். ஏழு வயது மகனுக்கு விடியற்காலையில் தொடர் தும்மல், மூக்கடைப்பு, சில நாள் இழுப்பும் வருகிறது. டாக்டர் கையில் குத்திப் பார்க்கும் அலர்ஜி டெஸ்ட் எடுத்துவிட்டு, டஸ்ட் மைட்தான் முக்கியக் காரணம், கரப்பான் பூச்சிக்கும் கொஞ்சம் அலர்ஜி இருக்கிறது என்றார். மூக்கு ஸ்பிரேவும் இன்ஹேலரும் கொடுத்திருக்கிறார். கடையில் "ஏழடுக்கு ஃபில்டர், அயனைசர், 400 சதுர அடிக்குப் போதும்" என்று ஓர் ஏர் ப்யூரிஃபையரைக் காட்டி 14,000 ரூபாய் சொல்கிறார்கள். ஏ.சி. சர்வீஸுக்கு வந்தவர், "ஏ.சி.க்குள்ளேயே பி.எம் 2.5 ஃபில்டர் போட்டுத் தருகிறேன், 1,800 ரூபாய்தான்" என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் நாத்தனார் "மெர்வ் 13 வாங்கு" என்கிறார். மாமியாரோ, "சாம்பிராணி போட்டால் எல்லாம் சரியாகும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— ஒரு வாசகி, மடிப்பாக்கம்

பதில்: உங்களுக்கு யோசனை சொன்ன நாலு பேரிடமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, சாம்பிராணியைத் தவிர. அதற்கு அப்புறம் வருகிறேன்.

நான் டாக்டர் இல்லை. ஆபரேஷன் தியேட்டர், மருந்துக் கம்பெனி மாதிரி இடங்களுக்குக் காற்றை வடிகட்டும் அமைப்பு போட்டுத் தரும் பொறியாளர். ஆகவே ஸ்பிரே, இன்ஹேலர் விஷயத்தில் டாக்டர் சொன்னதுதான் கணக்கு. வீட்டுக்கு எந்த மெஷின் வந்தாலும் அவரைக் கேட்காமல் மருந்தைக் குறைக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு விதத் தூசி கலந்து கிடக்கிறது. டீவி மேஜையில் படிவது ஒன்று, பையனுக்குத் தும்மல் வரவைப்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே மெஷின் பார்த்துக்கொள்ளும் என்று கடைக்காரர் நினைக்கவைக்கிறார். அங்கேதான் காசு வீணாகிறது.

டஸ்ட் மைட் என்பது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய பூச்சி. மனிதத் தோலிலிருந்து உதிரும் செதில்தான் அதற்குச் சாப்பாடு, மெத்தையும் தலையணையும்தான் அதற்கு வீடு. அலர்ஜியைக் கிளப்புவது பெரும்பாலும் அதன் எச்சம். அந்த எச்சத் துணுக்கு 10 முதல் 40 மைக்ரான் வரை இருக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). தூசி உலகத்தில் இது பெரிய சைஸ். 20 மைக்ரான் துணுக்கு ஒன்று, காற்று அசையாத அறையில் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் ஒன்றரை நிமிடத்தில் கீழே வந்துவிடும். இரவில் பையன் புரண்டு படுக்கிறான், தலையணையிலிருந்து கொஞ்சம் எழும்புகிறது. அவன் மூக்கு அங்கிருந்து நாலு விரல் தூரத்தில், மெஷின் ஆறடி தள்ளி மூலையில். மெஷின் இழுப்பதற்குள் பாதி அவன் மூக்குக்குள்ளும் மீதி மறுபடி மெத்தை மேலும் போயிருக்கும். கரப்பான் அலர்ஜித் தூசியும் ஏறக்குறைய இப்படித்தான், சீக்கிரம் கீழே படிந்துவிடும். ப்யூரிஃபையரால் மிதப்பதை மட்டும்தான் பிடிக்க முடியும். தும்மல் விடியற்காலையில் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, ராத்திரி முழுக்கத் தலையணையோடு இருந்ததன் பலனாக அது இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

மெட்ரோ தூசியில் விரலால் பெயர் எழுத முடிகிற பகுதி மண்ணும் சிமென்டும். அதுவும் கனமானது, படிந்துவிடும், ஈரத் துணிதான் அதற்கு வைத்தியம். அதே ரோட்டில் நின்று நின்று போகும் லாரி, ஜெனரேட்டர் இவற்றின் புகை வேறு ரகம். அதன் துகள் 2.5 மைக்ரானுக்குக் கீழே இருப்பதால் (பி.எம் 2.5 என்பது இதைத்தான்) அசையாத காற்றிலேயே ஒரு மீட்டர் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மேலே ஃபேன் சுற்றினால் இறங்கவே இறங்காது. இழுப்பு வரும் பிள்ளைக்கு இந்தப் புகையும் ஆகாது. ப்யூரிஃபையர் நன்றாக வேலை செய்வது இந்த இடத்தில்தான்.

ஆகவே முதல் செலவு படுக்கைக்கு. தலையணைக்கும் மெத்தைக்கும் ஜிப் வைத்த, நெருக்கமான நெசவு உறை கிடைக்கிறது. "டஸ்ட் மைட் ப்ரூஃப்" என்று கேளுங்கள், துளை 10 மைக்ரானுக்குக் கீழே என்று எழுதியிருக்க வேண்டும். குழந்தைகள் படுக்கையை நனைக்காமலிருக்கப் போடும் ரப்பர் விரிப்பு வேறு, அது மேலே மட்டும்தான் மூடும். இந்த உறை ஆறு பக்கமும் மூட வேண்டும். பழைய தலையணை சில வருடம் ஆகியிருந்தால் உறை போட்டுக் காப்பாற்ற வேண்டாம், புதிது வாங்கி முதல் நாளே உறை போடுங்கள். இங்கிலாந்தில் மைட் அலர்ஜியும் ஆஸ்துமாவும் உள்ள 3 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2017-ல் வெளிவந்தது. இப்படிப்பட்ட உறை போட்டவர்களில் ஒரு வருடத்துக்குள் இழுப்பு முற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்கள் நூற்றுக்கு 29 பேர், சாதா உறை போட்டவர்களில் 42 பேர். இதை அற்புதம் என்று சொல்ல முடியாது, ஆனால் நல்ல வித்தியாசம். பெரியவர்களிடம் உறையை மட்டும் வைத்துச் செய்த ஆய்வுகளில் இவ்வளவு பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் உறையோடு நிறுத்தக் கூடாது.

பெட்ஷீட்டையும் தலையணைத் துணியையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி சுடுதண்ணீரில் துவைக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் துவைத்தால் எச்சம் கொஞ்சம் போகும், பூச்சி சாகாது. ஃப்ரண்ட் லோடு மெஷினில் ஹீட்டர் இருக்கும், 60 என்று வைத்துவிடலாம். டாப் லோடு என்றால் பெரும்பாலும் ஹீட்டர் இருக்காது. மே மாதம் மொட்டை மாடி டேங்க் தண்ணீர் கையைச் சுடுகிறதே என்று நினைப்பீர்கள், அந்தச் சூடு போதாது. தண்ணீரை நன்றாகக் காய்ச்சி, பெரிய வாளியில் துணியை அமுக்கி கால் மணி நேரம் ஊறவைத்து அப்புறம் மெஷினில் போடுங்கள். பையனை அந்தப் பக்கம் விடாதீர்கள். துவைக்க முடியாத கரடி பொம்மையை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் ஒரு நாள் முழுக்க வைத்து எடுத்து, வெளியே நன்றாகத் தட்டினால் போதும். அதைப் பார்த்துப் பையன் அழுதால் நான் பொறுப்பில்லை.

இலவம்பஞ்சு மெத்தையா? கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் இரண்டு பக்கமும் காயப் போட்டுத் தடியால் அடிக்கும் பழக்கம் நல்ல பழக்கம்தான். அடிக்கும்போது பையன் பக்கத்தில் நிற்கக் கூடாது, அடிப்பவர் முகக்கவசம் போட்டுக்கொள்ள வேண்டும். பையன் கோரைப்பாயில் படுக்கச் சம்மதித்தால் இன்னும் வசதி. பூச்சி பதுங்க அதில் பஞ்சு கிடையாது, நனைந்த துணியால் துடைத்து வெயிலில் போட்டுவிடலாம்.

ஈரப்பதமும் ஒரு காரணம். காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் இந்தப் பூச்சி காய்ந்து சாகும். சென்னையில் அதற்கு வழியில்லை. ஐப்பசி, கார்த்திகையில் 80-ஐத் தொடும். இரவில் ஏ.சி. ஓடும் அறையில் நன்றாகவே குறையும், அந்த மட்டில் ஏ.சி. உங்கள் பக்கம். சில நூறு ரூபாயில் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் கிடைக்கிறது, ஒன்று வாங்கி வையுங்கள். சுவரில் ஓதம் இருந்து கறுப்பாகப் பூசணம் பிடித்திருந்தால் ஒழுகலை அடைக்க வேண்டும். அதற்கு எந்த ஃபில்டரும் பதில் இல்லை.

கரப்பானுக்கு ஸ்பிரே அடிக்காதீர்கள், இழுப்பைக் கிளப்பிவிடும். ஜெல் மருந்தைச் சமையலறை அலமாரிக் கீல், சிங்குக்கு அடியில் பொட்டுப் பொட்டாக வைத்தால் போதும்.

இனி மெஷின். கடையில் சொன்ன "ஏழடுக்கு" என்பதைக் காதில் வாங்க வேண்டாம். அதில் வேலை செய்வது மூன்று. முடி, பஞ்சைப் பிடிக்கும் முன் வலை, நடுவில் ஹெப்பா, வாடைக்கு ஆக்டிவேட்டட் கார்பன். ஹெப்பா என்றால் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். ஐரோப்பிய முத்திரையில் எச் 13 என்று இருந்தால் 99.95. ஏன் 0.3? அதைவிடப் பெரியது நாரில் மோதி ஒட்டிக்கொள்ளும், அதைவிடச் சிறியது கண்டபடி அலைந்து தானாக நாரில் போய் ஒட்டும், இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் நழுவப் பார்க்கும். அதையே பிடித்தால் மற்றதைப் பற்றிக் கவலை இல்லை. "ஹெப்பா டைப்", "ஹெப்பா லைக்" என்று எழுதியிருந்தால் அது எதையும் உறுதி சொல்லாது.

என் தொழிலில் இருப்பவர்கள் வெளியே அதிகம் சொல்லாத ஒன்று: வீட்டுக்கு 99.97-ஆ, 99.5-ஆ என்பது பெரிய விஷயமே இல்லை. மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்று அந்த ஃபில்டர் வழியாகப் போகிறது என்பதுதான் விஷயம். அதற்குத்தான் சி.ஏ.டி.ஆர். என்று ஓர் எண் இருக்கிறது. மெஷின் மணிக்கு எவ்வளவு சுத்தமான காற்றைத் தருகிறது என்று அது சொல்லும். பெட்டியில் பெரிய எழுத்தில் 400 சதுர அடி என்று இருக்கும், இந்த எண் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அதைத் தேடுங்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பையன் படுக்கும் அறை 12-க்கு 11 அடி, உயரம் 10 அடி என்று வைத்துக்கொள்கிறேன். 1,320 கன அடி, அதாவது சுமார் 37 கன மீட்டர். அலர்ஜி உள்ளவர் அறையில் மணிக்கு ஐந்து தடவையாவது மொத்தக் காற்றும் ஃபில்டர் வழியாகப் போய் வர வேண்டும். 37-ஐ ஐந்தால் பெருக்கினால் 185, சி.ஏ.டி.ஆர். குறைந்தது அவ்வளவு வேண்டும். அமெரிக்கக் கணக்கில் சி.எஃப்.எம்., அதாவது நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்று எழுதியிருந்தால் 1.7-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். கடைக்காரர் காட்டிய மெஷினின் சி.ஏ.டி.ஆர். 200 என்றால், 400 சதுர அடி ஹாலில் அது மணிக்கு இரண்டு தடவைகூட காற்றைச் சுற்றவைக்காது. 132 சதுர அடி அறைக்கு மட்டும் சரியாக இருக்கும்.

அதுவும் முழு வேகத்தில். முழு வேகத்தில் அது போடும் சத்தத்தில் பையன் தூங்க மாட்டான், நீங்கள் ஸ்லீப் மோடில் வைப்பீர்கள். அதில் பல மெஷின்கள் பாதியைவிடக் குறைவாகத்தான் தரும். எனவே தேவைக்கு ஒன்றரை மடங்கு வாங்குங்கள். உங்கள் அறைக்கு 300 இருந்தால் நடு வேகத்தில் ஓடவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். கடையிலேயே பிளக்கில் போடச் சொல்லி, நடு வேகத்தில் பக்கத்தில் நின்று பேசிப் பாருங்கள். குரலை உயர்த்த வேண்டியிருந்தால் வேண்டாம்.

அயனைசர், பிளாஸ்மா என்று வருபவை காற்றில் மின்னூட்டம் ஏற்றித் தூசியைப் படியவைக்கப் பார்ப்பவை, அதில் சிலது ஓசோனை வெளிவிடும். அது நுரையீரலை எரிச்சலூட்டும் வாயு. ஏர் கிளீனர் எதுவும் 0.05 பி.பி.எம்-க்கு (பி.பி.எம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) மேல் ஓசோன் விடக் கூடாது என்று கலிஃபோர்னியா மாநிலம் சட்டமே போட்டிருக்கிறது. ஆஸ்துமா பிள்ளை இருக்கும் வீட்டில் அந்த வசதி இல்லாத மெஷின் நல்லது. இருந்தால் தனியாக ஆஃப் செய்ய பட்டன் இருக்க வேண்டும்.

நாத்தனார் சொன்னது அவர் வீட்டுக்குச் சரி. அங்கே வீடு முழுக்க ஒரே ஏ.சி., குழாய் வழியாகக் காற்று போகும், திரும்பி வரும் வழியில் ஃபில்டர் சொருக ஓர் இடம் இருக்கும். மெர்வ் என்பது அந்த ஃபில்டருக்கான தர எண். 13 என்றால் 0.3 முதல் 1 மைக்ரான் வரையுள்ள துகளில் பாதியையாவது பிடிக்கும், 3 மைக்ரானுக்கு மேல் 90 சதவீதம். நம் ஊர் ஸ்பிளிட் ஏ.சி.யில் அப்படி ஓர் இடமே கிடையாது.

சர்வீஸ்காரர் போடுகிறேன் என்பது மெல்லிய ஒரு தாள். ஸ்பிளிட் யூனிட்டின் ஃபேன் லேசான வலையைத் தாண்டிக் காற்றை இழுக்கும் அளவுக்குத்தான் வடிவமைக்கப்பட்டது. தாள் நெருக்கமாக இருந்தால் காற்று குறையும், உள்ளே குளிர்விக்கும் காயிலில் ஐஸ் பிடிக்கும், சுவரில் தண்ணீர் சொட்டும், கரண்ட் பில் ஏறும். லேசாக இருந்தால் அது பிடிப்பது சொற்பம், மீதிக் காற்று பக்கவாட்டு இடுக்கு வழியாகப் போய்விடும். 1,800 ரூபாயை மிச்சப்படுத்துங்கள். ஏ.சி.யின் சொந்த வலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயடியில் கழுவிக் காயவைத்துப் போடுங்கள், அது போதும்.

இப்போது சாம்பிராணி. உங்கள் மாமியாரிடம் பக்குவமாகத்தான் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் சாம்பிராணியோ, தணலில் போடுவதோ, ஊதுபத்தியோ எதுவானாலும் அந்தப் புகை முழுக்க 2.5 மைக்ரானுக்குக் கீழேதான். கொசுவத்திச் சுருள் அதைவிட மோசம். மூடிய அறையில் ஒரு சுருள் எரிந்து முடிந்தால் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமமான நுண்துகள் வரும் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஒரு பக்கம் 14,000 ரூபாய் மெஷின், இன்னொரு பக்கம் சுருள் என்றால் மெஷின்தான் தோற்கும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி வேண்டும் என்றால், பையன் ஸ்கூலுக்குப் போனபின் பால்கனிக் கதவைத் திறந்து வைத்துப் போடச் சொல்லுங்கள். அவர் வருத்தப்படாமல் இருக்க இந்தப் பத்தியை அவரிடம் காட்ட வேண்டாம்.

பூந்துடைப்பத்தால் பெருக்குவதும் படிந்த தூசியைத் திரும்ப எழுப்பும். அந்த அறையை ஈர மாப்பால் மட்டும் துடைக்கலாம், அதுவும் பையன் வீட்டில் இல்லாத நேரத்தில். ஜன்னல் கொசுவலையை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. கழற்றி பாத்ரூமில் சோப்புப் போட்டுக் கழுவினால் முதல் குவளைத் தண்ணீர் டீ டிகாக்ஷன் நிறத்தில் போகும். உள்ளே வரும் ஒவ்வொரு காற்றும் அதைத் தாண்டித்தான் வந்திருக்கிறது. மாதம் ஒருமுறை கழுவுங்கள். சீலிங் ஃபேன் இறக்கையைப் பழைய தலையணை உறைக்குள் நுழைத்து வழித்தால் தூசி கட்டிலில் கொட்டாது.

மெஷின் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, பின் மூடியைத் திறந்து ஃபில்டரைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் பையை எடுப்பது. சிரிக்காதீர்கள், பையோடு மாதக்கணக்கில் ஓடிய மெஷின்களை நானே பார்த்திருக்கிறேன். ஹெப்பாவைத் தண்ணீரில் கழுவக் கூடாது, நார் கெட்டுவிடும். முன் வலையை மட்டும் கழுவலாம். கம்பெனி ஒரு வருடம் என்று சொன்னாலும் உங்கள் தெருவில் ஆறேழு மாதத்தில் மாற்ற வேண்டி வரலாம், வெள்ளைத் தாள் கருஞ்சாம்பல் ஆகிக் காற்று குறைவது கண்ணுக்கே தெரியும். மாற்று ஃபில்டர் விலை என்ன, சென்னையில் கிடைக்குமா என்று மெஷின் வாங்கும் முன்பே கேளுங்கள். மெஷினை மலிவாகக் கொடுத்துவிட்டு ஃபில்டரில் சம்பாதிப்பதும் உண்டு. கரண்ட் பெரிய செலவில்லை. 50 வாட் மெஷின் தினம் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 30 யூனிட்.

கட்டிலின் தலைமாட்டுப் பக்கம், சுவரை ஒட்டாமல் ஓரடி தள்ளி வையுங்கள். அது ஓடும்போது கதவு, ஜன்னல் மூடியிருக்கட்டும். ஆனால் ப்யூரிஃபையர் வெளிக்காற்றைக் கொண்டுவராது, ஸ்பிளிட் ஏ.சி.யும் கொண்டுவராது. மூன்று பேர் ஒரே அறையில் படுத்தால் காலையில் தலை கனக்கும். மத்தியானம் கடற்காற்று வந்தபின், லாரி நடமாட்டம் குறைந்த நேரம் பார்த்து அரை மணி ஜன்னலைத் திறந்து விடுங்கள். போகி காலையில் மட்டும் திறக்க வேண்டாம். 2018 போகியன்று புகையில் சென்னை விமான நிலையத்திலேயே விமானங்கள் தடைப்பட்டன. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு பற்றி எரிந்தது போல ஒரு நாள் வந்தாலும் அப்படித்தான். அந்த மாதிரி நாட்களில் எல்லோரும் அந்த ஓர் அறைக்குள் போய் மெஷினை முழு வேகத்தில் வைத்துவிடுங்கள். ஹாலுக்கு இன்னொன்று வாங்க வேண்டாம். வாசல் கதவு திறந்து மூடும் ஹாலில் அதன் பலன் நிற்காது.

கடையில் பார்த்த அந்த 14,000 ரூபாய் மெஷினைப் பொறுத்தவரை, முதலில் உறைக்கும் தலையணைக்கும் பணத்தை எடுத்து வையுங்கள். அப்புறம் பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். சி.ஏ.டி.ஆர். 300-ஐ ஒட்டி இருக்கிறது, ஹெப்பாவுக்கு எச் 13 அல்லது 99.97 என்று தெளிவாக எழுதியிருக்கிறது, அயனைசரைத் தனியாக அணைக்க முடிகிறது என்றால் வாங்கிவிடலாம். சி.ஏ.டி.ஆர். எண்ணே எழுதாமல் சதுர அடி மட்டும் போட்டிருந்தால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.